ஓட்டையை அளந்துவிட்டுக் காசைக் கொடுங்கள்

நேற்றிரவு அந்த விளம்பரம் மறுபடியும் கண்ணில் பட்டது. தேக்கு மரத்தில் செய்த, 4×5 அங்குலப் பிலிம் போடும் பின்ஹோல் கமரா; லென்ஸ் கிடையாது, ஊசித்துளை வழியாகத்தான் படம் விழும். மூலைகளில் பித்தளை. கூடவே பிலிமை வெளிச்சம் படாமல் ஏந்தும் இரண்டு ஹோல்டர், 25 தாள் கறுப்பு வெள்ளைப் பிலிம். விலை 68,000 ரூபாய். நான் வாங்கியபோது 62,000. கொழும்பில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; அதில் இன்னொருவரும் அகப்பட்டுக்கொள்ள வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். விற்பவரின் பெயரைப் போடவில்லை. பொருளைச் சொன்னால் கண்டுகொள்வீர்கள்.

என் தொழில் கணக்காய்வு. பிறர் கணக்கில் ஓட்டை தேடிச் சம்பளம் வாங்குகிறவள், கையிலிருந்த ஓட்டையை இரண்டு மாதமாக அளந்து பார்க்கவில்லை. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

வாங்கியது பெப்ரவரியில். ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு உலக பின்ஹோல் நாள்; 2001 முதல் நடக்கிறது. அதற்கு இரண்டு கிழமை முன்னால் சித்திரைப் புத்தாண்டு. ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் போய்விட, எப்போதும் வாகனம் நெரியும் காலி வீதியின் நடுவில் நாய் படுத்துறங்கும் அளவுக்குக் கொழும்பு வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வெறுமையைப் பெரிய பிலிமில் எடுத்துவிட வேண்டும் என்று அரித்துக்கொண்டிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவசரக்காரிக்கும் அப்படித்தான்.

வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். பணிவான பையன். பெட்டியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கையில் தந்தான். "லேசரில் போட்ட துளை அக்கா, சரியாக 0.4 மில்லிமீட்டர்" என்றான். பெட்டியின் முதுகில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது: வெயிலுக்கு 2 விநாடி, மேகமூட்டத்துக்கு 12, சூரியன் இறங்கியபின் ஒரு நிமிடம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. துளைக்கும் பிலிமுக்கும் இடையில் 90 மில்லிமீட்டர் இருந்தால் 0.4 அளவு துளைதான் பொருத்தம். ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1891இல் எழுதிய கட்டுரையின் வழியாக இன்றும் அப்படித்தான் கணக்கிடுகிறோம். அதைவிடப் பெரிதானால் ஒவ்வொரு புள்ளியும் வட்டமாகப் பரவும், சிறிதானால் ஒளியே விளிம்பில் வளைந்து கலங்கும். 90ஐ 0.4ஆல் வகுத்தால் எஃப் 225; இந்த எண் கூடக்கூட ஒளி குறையும். ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 உள்ள பிலிமுக்கு நல்ல வெயிலில் 2 விநாடி. பேப்பரில் ஒரு பிழையும் இல்லை. பேப்பரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது என்று அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை.

முதல் நாள் கடலோரக் காலிமுகத்திடல். நண்பகல் வெயிலில் நான்கு தாள். அன்றிரவு குளியலறைக் கதவிடுக்கில் துவாய் அடைத்து, குழாய்த் தண்ணீர் சுடுகிறதென்று பக்கத்துக் கடையில் வாங்கிய ஐஸ் கட்டியைப் பையோடு டெவலப்பர் தட்டுக்கு அடியில் வைத்துக் கழுவினேன். நான்கு நெகட்டிவும் கரி; ஒளி அளவுக்கு மீறி விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் கடலும் வானமும் ஒன்றாகிக் கறுத்த தகடு. தட்டின் அடியில் உராய்ந்த பக்கத்தில் வேறு நகக்கீறல் போல நீளமான கோடுகள். வலது மேல் மூலையில், நான்கிலும் ஒரே இடத்தில், சரிந்த ஒரு பட்டை.

தொலைபேசியில் கேட்டேன். "பின்ஹோல் என்றால் அப்படித்தான் அக்கா. பழகப் பழக வரும்."

இந்த ஒரு வசனத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். லென்ஸ் கமராவில் படம் மங்கினால் லென்ஸில் கோளாறு என்று எவரும் சொல்வார்கள். பின்ஹோல் படமோ பிறவியிலேயே மென்மையானது. ஆகவே மங்கல், கசிவு, கீறல் எல்லாவற்றையும் கலை என்ற ஒரே கணக்கில் எழுதிவிடலாம். வாங்கியவரும் தன் கையைத்தான் நொந்துகொள்வார். நானும் நொந்துகொண்டேன்.

என்னை அதற்கு மேலும் ஏமாற வைத்தது இரண்டாம் நாள் மாலைப் படம். சூரியன் இறங்கியபின், செவ்வானத்துக்கு எதிராக, அட்டவணை சொன்னபடி ஒரு நிமிடம் திறந்து வைத்தேன். அலைகளெல்லாம் பாலாகி, கற்களின் மேல் புகை படிந்தது போல் வந்தது. அடர்த்தி மிகச் சரி. சந்தோஷத்தில் அதை ஸ்கேன் செய்து அந்தத் தம்பிக்கே அனுப்பி, நன்றியும் சொன்னேன். இதயக் குறி ஒன்று பதிலாக வந்தது.

கணக்கியல் படித்தவர்களுக்கு ஈடுசெய் வழுக்கள் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் கூடுதலாக எழுதிய பிழையும் மறுபக்கம் கூடுதலாக எழுதிய பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள, இரு பக்கக் கூட்டுத்தொகையும் ஒக்கிறதா என்று பார்க்கும் பரீட்சை மீதி அழகாகப் பொருந்திவிடும். அந்த மாலைப் படம் அதுதான். எனக்கு விளங்க மார்ச் முடிந்துவிட்டது.

விளங்கவைத்தது புறக்கோட்டை. 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை, இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு ஞாயிறு காலை எடுத்தேன். அட்டவணையை நம்பாமல் நேரத்தைக் குறைத்திருந்ததால் படம் ஓரளவு தெரிந்தது. நெகட்டிவை நேர்ப்படமாக மாற்றிப் பார்த்தால், சுவரின் வெள்ளைப் பட்டை வெள்ளையாக இருந்தது; சிவப்புப் பட்டை தார் பூசியது போல் இருந்தது. எல்லா நிறத்தையும் உணரும் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் சிவப்பு சாம்பலாக விழும். இப்படிக் கறுக்காது. மீதியிருந்த தாள் ஒன்றை எடுத்து, விரலை நனைத்து ஓரத்தைத் தொட்டேன். ஒட்டியது. திருப்பித் தொட்டேன். அந்தப் பக்கமும் ஒட்டியது. பிலிமில் ஒரு பக்கம்தான் மருந்துப் பூச்சு இருக்கும். இரண்டு பக்கமும் பூசுவது எக்ஸ்ரே பிலிமில்; அதற்குச் சிவப்பும் தெரியாது.

மூலையில் வெட்டுக்குறி இல்லாததை முதல் நாளே கவனித்திருந்தேன். இருட்டில் தடவிப் பார்த்து, குறி வலது மேல் மூலையில் இருந்தால் பூச்சு உங்களைப் பார்க்கிறது என்று அறிவதற்காகத்தான் தாள் பிலிமில் அதை வெட்டுகிறார்கள். கேட்டதற்கு, "இந்தக் கம்பெனி குறி போடுவதில்லை அக்கா" என்றிருந்தான். எக்ஸ்ரே பிலிமைக் குறை சொல்லவில்லை. மலிவு, சிவப்பு விளக்கில் கழுவலாம், தெரிந்தே அதில் எடுப்பவர்கள் உலகெங்கும் உண்டு. ஆனால் பெரிய தாளை வெட்டி, வேறு பெட்டிக்குள் போட்டு, நல்ல பிலிமின் விலைக்கு விற்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அதன்பின் துளையைக் கழற்றினேன். இரண்டு ஆணிகள்தான். தகட்டின் மறுபக்கத்தில் ஒரு மென்பான எழுத்தின் பாதி, சிவப்பில். பேணியை வெட்டி, ஊசியால் குத்தியிருக்கிறார்கள். துளையின் வாய் ஒரு பக்கமாகப் பிதுங்கி நின்றது. லேசருமில்லை, தேய்த்து மெல்லியதாக்கவுமில்லை. ஸ்கேனரில் வைத்து அங்குலத்துக்கு 2400 புள்ளியில் எடுத்து, பெரிதாக்கி எண்ணினேன். 0.4 மில்லிமீட்டராக இருந்தால் 38 புள்ளி வரவேண்டும். வந்தது 85. அதாவது 0.9.

எல்லாம் கழன்று விழுந்தது. எஃப் 225 அல்ல, எஃப் 100. ஒளி ஐந்து மடங்கு. நண்பகலில் கரி. மாலையில் வானம் சிவந்து நிற்க, சிவப்பைக் காணாத பிலிம் அந்த ஐந்து மடங்கைத் தின்றுவிட்டிருக்கிறது. அதனால்தான் அடர்த்தி மிகச் சரி. கொழும்பின் உயரமான தாமரைக் கோபுரத்தின் தண்டு எனக்கு எப்போதும் ஊதுபத்திப் புகையாகவே வந்ததற்கும் காரணம் தெரிந்தது: நெகட்டிவில் அந்தத் தண்டே ஒரு குண்டூசி அகலம், துளையோ அதற்குச் சமம்.

மூலைப் பட்டை? இருட்டறையில் பெட்டிக்குள் டார்ச்சைப் போட்டதும் ஹோல்டர் நுழையும் இடத்தில் கோடாக வெளிச்சம் வந்தது. வெல்வெட் துணி ஒட்ட மறந்திருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. அதைக்கூடச் செய்யவில்லை.

அளவுகளோடும் படங்களோடும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். "கூர்மை வேண்டுமென்றால் லென்ஸ் கமரா வாங்கியிருக்கலாமே அக்கா" என்று ஒரு பதில். அதன்பின் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்தை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கேட்டால் வணிகர் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்வதும் தெரியும். கேட்காதவள் எந்தத் தாளை வைத்துக்கொண்டு அழைப்பது? அந்த வெட்கத்தில் அழைக்கவில்லை. நீங்கள் வாங்குவதாக இருந்தால் கேளுங்கள். கையால் எழுதி வாங்கினாலும் சரி, அதில் துளையின் அளவும் பிலிமின் பெயரும் இருக்கட்டும். தேநீர்க் கடையிலேயே தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பெட்டியை எறியவில்லை. மரவேலை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பேணித் தகடும் கெட்ட பொருளல்ல. நானே ஒன்றை வெட்டி, நுண்மையான உப்புத்தாளில் இரண்டு மாலை தேய்த்து, ஊசியைச் சுழற்றிச் சுழற்றித் துளைத்தேன். மூன்றாவது தகட்டில் 39 புள்ளி வந்தது.

இனி அந்தப் புதிய விளம்பரம். கமராவின் படத்துக்குக் கீழே "இதில் எடுத்த மாதிரிப் படம்" என்று ஒன்று போட்டிருக்கிறான். காலிமுகத்திடல், மாலை, பாலாக அலைகள். நான் அனுப்பிய படம். வலது பக்கம் மட்டும் கொஞ்சம் குறைகிறது. மூலைப் பட்டை தெரியாமல் வெட்டியிருக்கிறான்.