லொறிக்கு இடம் பிடிக்க நாலு வழி: கதிரை, கார், கடிதம், பட்டா

யாழ்ப்பாணத்தில் வீடு மாறும்போது லொறி படலைக்கு நேரே நிற்பதும் 40 மீற்றர் தள்ளி நிற்பதும் ஒன்றல்ல. ஒரு குடும்பத்துச் சாமான் 120 நடை என்று வைத்தால், போக வர 80 மீற்றர் வீதம் 9.6 கிலோமீற்றர் கூடுதலாக நடக்க வேண்டும், அதில் பாதி சுமையோடு. சாமான் தூக்கும் நாட்டாமைமார் களைப்பதும் அலுமாரிக் கண்ணாடி உடைவதும் அந்த நடையில்தான்.

முதலில் அளவு. 14½ அடிப் பெட்டி லொறி முன்பக்கத்தோடு ஏறக்குறைய 20 அடி வரும். பின்கதவைத் திறந்து, பலகை சாய்த்து, ஆள் நின்று இறக்க இன்னும் 8 அடி. ஆக 28 அடி வேண்டும். 20 அடி கிடைத்தால் போதும் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை.

கதிரை, டயர், குழை வைப்பது செலவில்லாத வழி. அயலவர் எல்லாரும் தெரிந்த உள்வீதியில் முதல் நாளே சொல்லிவிட்டு வைத்தால் மதிப்பார்கள். கஸ்தூரியார் வீதி மாதிரிக் கடைத்தெருவில் இது எடுபடாது. கதிரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை விட்டுப் போய்விடுவார்கள். இரவில் கல்லோ சீமெந்துக் கட்டியோ வைக்கவே கூடாது. வெளிச்சமில்லாத இடத்தில் சைக்கிளில் வருபவர் விழுந்தால் பொறுப்பு வைத்தவருக்கே.

வாகனத்தால் இடம் பிடிப்பது இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஒரு கார் 13 அடிதான் மறிக்கும். சொந்தக்காரரிடம் இன்னொரு காரைக் கேட்டு, இரண்டையும் முதல் நாள் இரவே இடையில் 4 அடி விட்டு நிறுத்துங்கள். 30 அடி கையில் இருக்கும். அந்த 4 அடியைச் சும்மா விட்டால் காலையில் யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் கைபிடி பூட்டியபடி நிற்கும். உங்களுடையதைக் குறுக்கே விடுங்கள். லொறி வந்ததும் பின்கார்தான் முதலில் வெளியேற வேண்டும். லொறி மூக்கை உள்ளே விட்ட பிறகே முன்கார் எடுபட வேண்டும். முன்காரை முதலில் எடுத்தால், லொறி திரும்புவதற்குள் அந்த இடைவெளியில் ஓட்டோ ஒன்று புகுந்துவிடும். சாரதிகள் இருவரும் சாவியோடு வாசலில் நிற்பது அவசியம்.

கடிதம் தேவைப்படுவது பிரதான வீதிகளுக்கு. ஆஸ்பத்திரி வீதி, ஸ்ரான்லி வீதி போன்ற இடங்களில் கார் வைத்துப் பிடித்த இடத்திலும் லொறியை எடுக்கச் சொல்ல வாய்ப்புண்டு. பொலிஸ் நிலையப் போக்குவரத்துப் பிரிவுக்கு ஒரு வாரம் முன்னரே எழுதிக் கொடுங்கள். மாநகர சபைக்கும் ஒரு பிரதி. திகதி, தொடங்கும் முடியும் நேரம், வீட்டிலக்கம், வீதியின் எந்தப் பக்கம், லொறி இலக்கம், நீளம், உங்கள் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எல்லாம் இருக்கட்டும். 'வீதியை மூட' என்று எழுதாதீர்கள். ஒரு பக்க ஓரத்தில் இரண்டு மணித்தியாலம் நிறுத்த என்று கேளுங்கள். உங்கள் பிரதியில் கிடைத்ததற்கான முத்திரை வாங்கி அன்று சாரதியிடம் கொடுங்கள். கடிதம் இடத்தை வெறுமையாக வைத்திருக்காது, லொறி நிற்பதற்கான துணை மட்டுமே. காரும் வேண்டும்.

ஒழுங்கைக்குள் வீடு என்றால் இந்த மூன்றும் வீண். அங்கே பட்டா என்ற சின்னச் சாமான் வண்டிதான் (டாடா ஏஸ்). அகலம் ஏறக்குறைய 5 அடி, நீளம் 12½ அடி. மதிலுக்கும் மதிலுக்கும் இடையே லொறி நசுங்கும் இடத்தில் இது வளவுக்குள்ளேயே போய்விடும். தூரம் கிட்ட என்றால் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்கு நேரே பட்டாவிலேயே நாலைந்து தரம் அடியுங்கள். லொறியைச் சந்தியில் விட்டுப் பட்டாவுக்கு மாற்றினால் ஒவ்வொரு பொருளும் இரண்டு தரம் ஏறி இறங்கும்; உடைவு அதில்தான். கொழும்பிலிருந்து வரும் சாமானுக்கு மட்டும் அந்த வழி. படங்கும் கயிறும் பட்டாவிலும் இருக்க வேண்டும். முதல் நாளே ஒழுங்கையை நடந்து பாருங்கள்: தாழத் தொங்கும் கேபிள் வயர், வாய்க்கால் மூடிய மெல்லிய கொங்கிறீற் பலகை, மாரியில் இளகிய ஓரம். சில்லு புதைந்தால் அயலில் ஒருவரும் வெளியே போக முடியாது.

எந்த வழியானாலும் நேரம் பெரிது. பள்ளிக்கூடம் தொடங்கும் 7.30ஐயும் விடும் 1.30ஐயும் ஒட்டி லொறியை நிறுத்த வேண்டாம். நகரத்தில் ஞாயிறு காலை சுகம். குடிபூரல் நேரம் விடிய 6 மணிக்கு வந்தால் சுவாமிப் படம், நிறைகுடம், அரிசி, உப்பு மட்டும் காரில் போகட்டும், லொறி 8.30க்கு வரட்டும். நல்லூர்க் கோயிலைச் சுற்றி உள்ளவர்கள் கொடியேற்றத்துக்கு முன்னரே சாமானை ஏற்றிவிடுவது நல்லது. அந்த 25 நாளும் சுற்று வீதிகளில் போக்குவரத்து மாற்றப்பட்டிருக்கும்.