லம்பாங்கா, ப்ரேயா? வண்டி ஓட்டாதவர்களுக்கான அலசல்

வடக்குத் தாய்லாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சியாங் மாய், சியாங் ராய் இரண்டோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த நெரிசல் வேண்டாம். தேக்குமரக் கோயில், கைத்தொழில், உள்ளூர்ச் சாப்பாடு, பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும் தெரு, இவ்வளவு போதும் என்றால் பக்கத்துப் பக்கத்து மாகாணங்கள் இரண்டு இருக்கின்றன: லம்பாங், ப்ரே. லம்பாங்கை எட்டிப் பார்த்திருக்கிறேன். சாவகாசமாகத் தங்க வேண்டும் என்று கிளம்பியபோது ப்ரேயைத்தான் தேர்ந்தெடுத்தேன். தராசு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பொதுவானதை முதலில் தள்ளிவிடலாம். தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை போகலாம். மார்ச், ஏப்ரலில் காட்டையும் வயலையும் கொளுத்தும் புகை இரண்டு ஊரையும் மூடிவிடும். இரண்டுமே தேக்கு வியாபாரத்தில் கொழித்த ஊர்கள் என்பதால் பர்மிய பாணியிலும், ஷான் என்ற பர்மா இனக்குழுவின் பாணியிலும் கட்டிய கோயில்கள் இரண்டிலும் உண்டு. மழைக்காலத்தில் நான் இரண்டு பக்கமும் போனதில்லை.

கோயில் ஒன்றுதான் கணக்கு என்றால் லம்பாங்குக்குப் போய்விடுங்கள், அதில் பேச்சே இல்லை. ஊரிலிருந்து சுமார் 18 கி.மீ. தள்ளி, கோ கா வட்டத்தில் இருக்கும் வாட் ப்ர தாட் லம்பாங் லுவாங்குக்கு (வாட் என்றால் கோயில்) ஈடாக ப்ரேயில் எதுவும் கிடையாது. 1476-ல் கட்டியதாகச் சொல்லப்படும் அதன் பெரிய மண்டபத்துக்குப் பக்கச் சுவர் இல்லை; தேக்குத் தூண்களும், அடுக்கடுக்காகத் தாழ இறங்கும் கூரையும்தான். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டடம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், துளை வழியே நுழையும் வெளிச்சம் வெளியே நிற்கும் தூபியைத் தலைகீழாகத் துணியில் விழவைக்கும். அதில் பெண்கள் ஏறக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள், எரிச்சல்தான். இப்போது பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தர் 1436 முதல் 1468 வரை இருந்த வாட் ப்ர கேவ் டோன் தாவ் லம்பாங் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சேவல் படம் போட்ட பீங்கான் கிண்ணம், குதிரை வண்டி, சனி ஞாயிறு மாலையில் வாங் ஆற்றோரம் கூடும் காட் கோங் தா சந்தை என்று பட்டியல் நீளும்.

அப்புறம் ஏன் ப்ரே? ஒரே காரணம், வண்டி.

தாய்லாந்துச் சிற்றூர்களில் எல்லோரும் சொல்லும் யோசனை "பைக் வாடகைக்கு எடுத்துக்கொள்" என்பதுதான். நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அதில் இரு சக்கர வண்டிப் பிரிவும் இருக்க வேண்டும். இல்லாமல் ஓட்டினால் அபராதம் போகட்டும், விபத்து என்று வந்தால் பயணக் காப்பீடு கையை விரித்துவிடும். எனக்கு ஊரிலேயே பைக் ஓட்டிப் பழக்கமில்லை. என்னைப் போன்றவர்களுக்கு லம்பாங்கில் தினமும் காலையில் ஒரே கேள்வி: இன்றைக்கு எதில் போவது? பெரிய கோயில் ஒரு திசையில், யானைப் பாதுகாப்பு மையம் சியாங் மாய் சாலையில், பீங்கான் பட்டறைகள் ஆளுக்கொரு மூலையில். சொங்தேவ், அதாவது பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி, போகும்போது கிடைத்துவிடும். திரும்பும்போது கிடைப்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆள் வைத்து வண்டி பேசினால் அன்றைய சாப்பாட்டுச் செலவைப் போல இரண்டு மூன்று மடங்கு அதற்கே போய்விடும்.

வந்து சேருவதில் ப்ரே தோற்றுவிடும், அதையும் சொல்ல வேண்டும். லம்பாங்கில் ரயில் ஊருக்குள்ளேயே கொண்டுபோய் விடும். ப்ரேக்கு டென் சாயில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஊர் 20 கி.மீ.க்கு மேல். பாங்காக்கிலிருந்து வரும் ராத்திரி வண்டி விடியாத நேரத்தில் இறக்கிவிட்டால் சொங்தேவுக்காகத் தேவுடு காக்க வேண்டியதுதான். டென் சாயிலிருந்து ப்ரே வழியாகச் சியாங் ராய்க்குப் புதிய பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்தால் இந்தக் குறை தீரும். ஆனால் வந்து சேரும் தொல்லை ஒரு நாளோடு போச்சு, சுற்றும் தொல்லை தினம் தினம்.

சேர்ந்த பிறகு ப்ரேயில் காலே போதும். பழைய ஊர் மண்மதிலுக்கும் அகழிக்கும் உள்ளே அடக்கம். வாட் லுவாங், 1892-ல் கட்டிய பழைய அரசர் மாளிகை, விளிம்பெல்லாம் மரப் பின்னல் தொங்கும் இளஞ்சிவப்பு வோங்புரி வீடு, எல்லாம் நடக்கும் தூரம். ஷான் பாணி வாட் சோம் சவான் மதிலுக்கு வெளியே, அதுவும் நடந்துவிடலாம். பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் ஆண்டுகளில் புலி ஆண்டில் பிறந்தவர்கள் தாய்லாந்து முழுவதிலிருந்தும் தேடி வரும் ப்ர தாட் சோ ஹே மட்டும் 9 கி.மீ.; அதற்கு ஒரு தடவை வண்டி பேசினால் போதும்.

ஊருக்கு வடக்கே நாலைந்து கி.மீ.யில் துங் ஹோங். லாவோஸிலிருந்து வந்து குடியேறிய தாய் புவான் மக்களின் ஊர், மோ ஹோம் என்ற நீலச் சட்டைக்குப் பேர்போனது. சைக்கிளிலேயே போய்விடலாம், சாலை சமதளம். இந்த நீலம் நம் திண்டிவனத்து அவுரியிலிருந்து வருவதில்லை. ஹோம் என்ற செடியின் இலையிலிருந்து வருகிறது. தாவரக் கணக்கில் அது நீலக்குறிஞ்சியின் இனம். இலையை ஊறப்போட்டு, சக்கையை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு கலந்து நுரை கிளம்ப அடிக்கிறார்கள். அடியில் தங்கும் நீலச் சேற்றைச் சாம்பல் தண்ணீரில் கரைத்துப் புளிக்கவைத்தால் சாயத்தொட்டி தயார். முழங்கை வரை நீலம் ஏறிய ஒரு அம்மா துணியை முக்கிப் பிழிந்து தூக்கினார்; மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. உதறிப் பிடித்தார், காற்றுப் பட்ட இடமெல்லாம் நாங்கள் பார்க்கப் பார்க்க நீலமானது. அதை மறுபடி முக்கினார், மறுபடி உதறினார். கடைத்தெருவில் அடுக்கியிருக்கும் சட்டைகளில் பாதிக்கு மேல் ரசாயனச் சாயம்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கைச்சாயம் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும். முதல் சில துவையலுக்குத் தனியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் வெள்ளைத் துணி மிஞ்சாது.

சாப்பாட்டில் யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. லம்பாங்கில் காவ் தேன்: தர்பூசணிச் சாறு பிசைந்த ஒட்டரிசியை வட்டமாகத் தட்டிக் காயவைத்துப் பொரித்து, மேலே வெல்லப்பாகு ஊற்றியது. ப்ரேயில் இடியாப்பம் மாதிரி பிழிந்த அரிசி நூடுல்ஸ். அதற்குப் பன்றி எலும்பும் தக்காளியும் காய்ந்த இலவம்பூவும் போட்ட நாம் ங்கியாவ் குழம்பு, இல்லையென்றால் நாம் யோய், அதாவது பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகாயும் மொறுமொறுவென்று பொரித்த தூள். தூளை நூடுல்ஸில் பிசைந்து தின்றால் குழம்பே வேண்டாம். சைவர்கள் அதிலும் காய்ந்த இறால் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஜே", அதாவது சைவம், என்று மஞ்சள் கொடி தொங்கும் கடை ப்ரேயை விட லம்பாங்கில் சுலபமாக அகப்படும்.

பைக் லைசென்ஸ் கையில் இருந்தாலோ, நாலு பேர் சேர்ந்து காரெடுத்தாலோ என் வாதம் படுத்துவிடும், லம்பாங்குக்கே போங்கள். அங்கே சே சோன் வெந்நீர் ஊற்று வரை நான் போனதில்லை, போனவர்கள் ஊற்றிலேயே முட்டை வேகவைத்துத் தின்றதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்பவர்கள் ப்ரேயில் தங்கிவிட்டு, வார இறுதிச் சந்தைக்குச் சரியாக லம்பாங் சேர்வதுபோல் டென் சாயிலிருந்து பகல் ரயிலைப் பிடியுங்கள். நடுவில் பான் பின் என்று ஒரு ஸ்டேஷன் வரும், ஜெர்மன் கிராமத்து வீடு போல மரச்சட்டம் வைத்துக் கட்டியது.