கொலனோஸ்கோபிக்கு முந்தைய நாள்: வெறும் தண்ணியா, தயிர் சாதமா?

அப்பாவுக்கு இரண்டு முறை கொலனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்தாகிவிட்டது. முதல் முறை ஒரு பாலிப்பை (குடலின் உள்சுவரில் வளரும் சிறு சதை) எடுத்தார்கள். இரண்டாவது, மறுபடி பார்ப்பதற்காக. முதல் தடவை முந்தைய நாள் முழுக்கத் தெளிந்த பானங்கள் மட்டும்தான். அடுத்த தடவை வேறொரு மருத்துவர், நார் குறைந்த சாப்பாடு போதும் என்றார். இரண்டு நாளும் கூடவே இருந்து பார்த்தவள் நான். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

தெளிந்த பானம் என்றால் வடிகட்டிய இளநீர், பால் விடாத டீ, ஆப்பிள் ஜூஸ், சக்கை போக வடித்த சூப். பாலும் மோரும் கிடையாது. சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் கூடாது. குடலுக்குள் பார்க்கும்போது ரத்தம் மாதிரித் தெரியும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்பது பெரிய வசதி.

ஆனால் சாயங்காலம் பேதி மருந்து குடிக்க வேண்டும். 2 லிட்டர் தண்ணீரில் கரைத்தது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனிதருக்கு ஏழு மணிக்கே கை நடுங்க ஆரம்பித்தது. மீட்டரில் 64 என்று பார்த்ததும் அவசரமாக ஜூஸ் கொடுத்தேன். அப்புறம் நாலாவது டம்ளரில் குமட்டல் வந்து, "போதும்மா, விடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மீதி மருந்து ஜக்கிலேயே கிடந்தது. மறுநாள், குடலின் வலப்பக்கம் சுத்தமாக இல்லை, சரியாகப் பார்க்க முடியவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள்.

என் கணக்கில் விஷயம் இங்கேதான் முடிவாகிறது. குடலைக் கழுவுவது மருந்து. சாப்பாடு அதற்குத் துணைதான். எந்த வழியில் போனால் அந்த மருந்தைக் கடைசிச் சொட்டு வரை குடிக்கத் தெம்பு இருக்குமோ, அதுவே நல்ல வழி. ஐரோப்பிய எண்டாஸ்கோபி சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் முந்தைய நாளுக்கு நார் குறைந்த உணவைத்தான் சொல்கிறது. வெள்ளைச் சோறு, தயிர், முட்டை, மீன் எல்லாம் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். நார் செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து சக்கையாக நிற்கும். மற்ற நாட்களில் 25, 30 கிராம் நார் சாப்பிடுவது நல்லது. இந்த நாளில் 10 கிராமுக்குள் நிறுத்த வேண்டும்.

கேழ்வரகு, கைக்குத்தல் அரிசி, கீரை, சுண்டல், கொய்யா ஆகாது என்பது சொல்லாமலே புரியும். நம் சமையலில் மாட்டிவிடுவது தாளிப்புதான். இரண்டாவது தடவை அம்மா கைப்பழக்கத்தில் தயிர் சாதத்தில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிட்டார். கடுகு, மிளகாய் விதை, தக்காளி விதை எல்லாம் செரிக்காமல் அப்படியே வந்து, உறிஞ்சும் குழாயை அடைத்துக்கொள்ளும். பொறுக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வேறு சாதம் பிசைந்து உப்பு மட்டும் போட்டுக் கொடுத்தேன். இட்லி சாப்பிடலாம், தேங்காய்ச் சட்னி கூடாது. தேங்காயில் நார் நிறைய. மெல்லிய துணியில் வடித்த ரசத்தில் இரண்டு இட்லியை ஊறவைத்துக் கொடுத்தேன், திருப்தியாகச் சாப்பிட்டார். தோலுரித்து மசித்த உருளைக்கிழங்கும் உண்டு. மருந்து ஆரம்பித்த பிறகு இதெல்லாம் கிடையாது, தெளிந்த பானம் மட்டும்தான்.

அந்த முறை கை நடுக்கம் இல்லை, மருந்து முழுதும் உள்ளே போயிற்று, குடலும் சுத்தமாக இருந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இரண்டாவது தடவை மருந்தை ராத்திரி பாதி, விடிகாலை பாதி என்று பிரித்துக் கொடுத்தார்கள். அதுவே நன்றாகச் சுத்தமாக்கும் முறை. அதனால் முழுப் பெருமையையும் தயிர் சாதத்துக்குக் கொடுக்க மாட்டேன். தெம்பு மட்டும் சாப்பாட்டால் வந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களுக்குத் தயாரிப்பு வேறு மாதிரி இருக்கலாம். எங்கள் வீட்டு அனுபவம் அவர்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

சீட்டில் தெளிந்த பானம் என்று எழுதியிருந்தால் நீங்களாக மாற்றாதீர்கள். நார் குறைந்த சாப்பாடு தரலாமா, சர்க்கரை மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று முன்கூட்டியே கேளுங்கள். முதல் தடவை நாங்கள் இரண்டையுமே கேட்கவில்லை.