கோழிச் செல்லுக்கு வேப்பெண்ணெயா, மருந்துக்கடை பாட்டிலா? பல வருடம் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்ததில்

வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் செல் (கோழியின் ரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி) பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு வேப்பிலை, நொச்சி, சாம்பல். இதைத் தாண்டி எதையும் தொடமாட்டார்கள். இன்னொரு கட்சிக்கு மருந்துக்கடை பாட்டில். மூடியில் அளந்து தண்ணீரில் கலந்து அடித்தால் வேலை முடிந்தது. நான் ஈரோடு மாவட்டத்தில் கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் சிறுவிடை, பெருவிடை என்ற இரண்டு நாட்டுக்கோழி ரகங்களையும் கலந்து வளர்க்கிறேன். இரண்டு கட்சிச் சாமான்களும் என் வீட்டு அட்டாலியில் இருக்கின்றன. எதை எப்போது எடுக்கிறேன், எதை எடுப்பதே இல்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் அனுபவத்தில் இயற்கையா ரசாயனமா என்பது இரண்டாவது கேள்வி. பூச்சி கோழி மேல் குடியிருக்கிறதா, கூண்டுக்குள் குடியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கோழிப்பேன் பிறந்து சாகும்வரை இறகுக்குள்ளேயே இருக்கும். வெப்பநாட்டுக் கோழிச் செல் கோழி மேலும் இருக்கும், முட்டையிடும் கூடையிலும் இருக்கும். சிவப்புச் செல் அப்படி இல்லை. பகல் முழுக்க மூங்கில் பிளவிலும் கூண்டு இடுக்கிலும் ஒளிந்திருந்து, இருட்டியபின் கோழி மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பி இறங்கிவிடும். பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று விட்டுவிடுவது இதனால்தான். கூண்டில் குடியிருக்கும் பூச்சிக்குக் கோழியைக் குளிப்பாட்டி ஒரு பயனும் இல்லை. எத்தனை விலை உயர்ந்த மருந்தானாலும் சரி, எத்தனை சுத்தமான வேப்பெண்ணெயானாலும் சரி.

எனவே முதலில் சோதனை. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துப் போய், கோழிகள் அமர்ந்திருக்கும் கழியின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் சிவப்புச் செல். பகலில் பார்ப்பதென்றால் கழியின் முனை சட்டத்தில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பொடி அப்பியிருக்கும். அதன் மேல் மெதுவாக ஊதிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் அந்தப் பொடி தானாக நகரும். கோழி மேல் இருப்பதா என்று பார்க்க, குதத்துக்குக் கீழே இறகை விலக்க வேண்டும். இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. அழுக்கு அப்பியது போல இறகு கறுத்து, உங்கள் கையில் ஏதோ ஏறி ஊர்ந்தால் அது செல். இன்னொரு அறிகுறியைக் கோழியே காட்டிவிடும். ஒழுங்காகக் கூண்டுக்குள் அடைந்துகொண்டிருந்தவை திடீரென்று முருங்கை மரத்தில் ஏறி உட்கார ஆரம்பித்தால், கூண்டைச் சந்தேகப்படுங்கள். கொண்டை வெளிறுவதும் முட்டை குறைவதும் அதற்குப் பிறகுதான் தெரியும்.

செல் வெடித்துப் பெருகும் இடம் அடைக்கோழி. கணக்குப் பார்த்தால் புரியும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வர செல்லுக்கு ஏறக்குறைய 7 நாள் போதும். அடை 21 நாள். அதாவது ஒரு அடைக்குள் மூன்று தலைமுறை. அந்த மூன்று வாரமும் கோழி மண்ணில் புரள்வது மிகக் குறைவு, இரவும் பகலும் ஒரே இடத்தில் கதகதப்பாக உட்கார்ந்திருக்கும். குஞ்சு பொரிக்கும் நாளில் கூடையைத் தூக்கினால் கை முழுக்க ஊர்வதும், பொரித்த குஞ்சு ரத்தமில்லாமல் துவண்டு கிடப்பதும் இதன் விளைவு. பாதியில் அடையை விட்டு எழுந்துபோன கோழியைத் திட்டுவதற்கு முன் கூடையைத் தட்டிப் பாருங்கள்.

இங்கே இயற்கைக் கட்சிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அடை வைக்கும்போதே, "வைக்கோல் போடாத கண்ணு, மணலும் சாம்பலும் போடு" என்பார். அது சரி. வைக்கோலின் உள்ளே புழைதான், செல்லுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கூடையில் மணலும் சலித்த சாம்பலும் கலந்து கொட்டி, மேலே காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் பரப்பி, அடைக்கு நடுவில் கோழி இரை தின்ன இறங்கும் நேரத்தில் ஒருமுறை அதை அப்படியே மாற்றிவிடுவேன். எங்கள் பக்கம் நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் ஆலைகள் நிறைய. கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. அந்த அடுப்புகளில் எரிந்த கரும்புச் சக்கைச் சாம்பல் கேட்டால் சும்மாவே கிடைக்கும். குப்பையோடு பிளாஸ்டிக் எரித்த சாம்பல் மட்டும் வேண்டாம். அடைக்கோழி மேலோ குஞ்சுகள் மேலோ மருந்துக்கடை பாட்டிலை நான் திறப்பதே இல்லை.

வேப்பெண்ணெய்க்கு வருகிறேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புக் கரைசலைக் கலந்துவிட்டு, அதில் 10 மில்லி வேப்பெண்ணெயை ஊற்றிக் குலுக்கினால் பால் போல் வரும். சோப்பு இல்லாமல் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், தெளிப்பான் முழுக்க வெறும் தண்ணீர்தான் அடிக்கும். இதன் குணம் மெதுவானது. வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சி வளர்வதையும் தோலுரிப்பதையும் கெடுக்குமே தவிர, தெளித்த மறுநிமிடம் எதுவும் செத்து விழாது. வெயிலில் சீக்கிரம் சிதைந்தும் போகும். அதனால் மாலையில், கழியிலும் இடுக்கிலும், வாரம் ஒருமுறை விடாமல் அடிக்க வேண்டும். அப்படி அடித்தால் குறைந்த அளவிலுள்ள செல்லைக் குறைந்த அளவிலேயே நிறுத்திவைக்கிறது. கூண்டே நகர்கிற அளவுக்குப் பெருகிவிட்ட பிறகு வேப்பெண்ணெயை நம்பினால், நீங்கள் அடிக்கும் வேகத்தைவிட அது பெருகும் வேகம் அதிகம். மஞ்சள்தூள் காயத்துக்கு நல்லது. செல்லை அது ஏதாவது செய்ததாக என் கூண்டில் நான் பார்க்கவில்லை.

கோழி மேல் இருக்கும் செல்லுக்கும் பேனுக்கும் நான் அதிகம் நம்புவது கந்தகத்தைத்தான். திராட்சை, மிளகாயில் வரும் சாம்பல் நோய்க்குத் தூவுகிற அதே கந்தகத் தூள். கலிபோர்னியாவில் ரிவர்சைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோழிகள் புரளும் பெட்டியில் மணலோடு வெவ்வேறு பொடிகளைக் கலந்துவைத்துப் பார்த்தார்கள். டயட்டமேசியஸ் எர்த்தும் (நுண்பாசிப் படிமத் தூள்) கயோலின் களிமண்ணும், புரளும் கோழிகளில் பூச்சியைக் குறைத்தன. கந்தகம் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டது; பெட்டிக்குள் இறங்காத கோழிகளிலும்கூட எண்ணிக்கை விழுந்தது. என் வீட்டில் பழைய டயர் ஒன்றைக் கூரைக்குக் கீழே போட்டு, அதில் மணலும் சாம்பலும் நிரப்பி, மேலே ஓரிரு கைப்பிடி கந்தகத்தைக் கலந்து வைத்திருக்கிறேன். மதிய நேரத்தில் முறை வைத்துக்கொண்டு வந்து புரள்கின்றன. நான் எதையும் பிடிக்க வேண்டியதில்லை, தெளிக்க வேண்டியதில்லை. கலக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் எரியும். டயட்டமேசியஸ் எர்த் ஆன்லைனில் நிறைய விற்கிறார்கள். அது பூச்சியின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்வது. ஈரம் பட்டால் வேலை செய்யாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்குச் செலவழித்த காசு தண்டம். நுண்ணிய தூள் கோழிக்கும் நமக்கும் நுரையீரலுக்கு நல்லதல்ல என்பது தனிக் கணக்கு.

மருந்துக்கடையில் வாங்கிய டெல்டாமெத்ரின் பூச்சிக்கொல்லிப் பாட்டில் எப்போது வெளியே வரும்? சிவப்புச் செல் கூண்டு முழுக்கப் பரவிவிட்டால். அப்போதும் கோழிக்கு அல்ல, கூண்டுக்கு. காலையிலேயே கோழிகளைக் கொடாப்புக்கு மாற்றிவிட்டு, கூளத்தையெல்லாம் வாரி எரித்துவிட்டு, கழிகளைக் கழற்றி, ஒவ்வொரு இடுக்கிலும் ஒழுக ஒழுக அடிப்பேன். நன்றாகக் காய்ந்தபின்தான் கோழி உள்ளே போகும். முட்டைகளை அது கொல்லாது என்பதால், 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாவது முறை அடிப்பது கட்டாயம். பலரும் இந்த இரண்டாவது முறையைச் சோம்பலில் விட்டுவிட்டு "மருந்து கேட்கலை" என்று அடுத்த முறை அளவைக் கூட்டுகிறார்கள். ஐரோப்பியப் பண்ணைகளில் சிவப்புச் செல் இந்த வகை மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. நாமும் அரைகுறையாக அடித்துக்கொண்டே இருந்தால் அதே கதைதான். கலக்கும் அளவுக்கு என்னைக் கேட்காதீர்கள், பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும். லேபிளைப் படியுங்கள், கோழிக்கு என்று அதில் இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மிஞ்சிய கரைசலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள், மீனுக்கும் தேனீக்கும் அது விஷம். வீட்டில் பூனை இருந்தால் காயும்வரை கிட்டே விடக்கூடாது.

வாளித் தண்ணீரில் இந்த மருந்தைக் கரைத்துக் கோழியைக் கழுத்துவரை முக்கி எடுக்கும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. வேலை செய்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோழி மறுநாள் இடும் முட்டையை அதே வீட்டுக் குழந்தைதான் சாப்பிடுகிறது. கோழி மேல் மருந்து பட்டால் எத்தனை நாள் முட்டையை எடுக்கக்கூடாது, எத்தனை நாள் அறுக்கக்கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பத்துக் கோழி வளர்ப்பதே கடை முட்டையை நம்பாமல்தானே?

"இயற்கை" என்று எழுதிவிட்டால் விஷமில்லை என்று ஆகிவிடாது. புகையிலைத் தண்ணீர் இயற்கைதான். அதிலுள்ள நிகோடின் கோழியையும் கொல்லும். சீத்தாப்பழக் கொட்டைத்தூள் பேனை நன்றாகவே கொல்லும். கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. மறுபக்கம், டெல்டாமெத்ரின் வகையறாவே சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து கிடைக்கும் பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிப் பொருளைப் பார்த்துச் செய்ததுதான். 2017-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்தது இன்னும் பெரிய பாடம். சிவப்புச் செல்லை ஒழிக்கும் யூகலிப்டஸ், மெந்தால் கலந்த மூலிகைத் தயாரிப்பு என்று சொல்லிப் பண்ணைகளில் அடித்த திரவத்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. உணவுக்கான பிராணிகளுக்கு அங்கே தடை செய்யப்பட்ட பூச்சிக்கொல்லி அது. நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகளை மூடி, லட்சக்கணக்கில் முட்டைகளை அழித்தார்கள். இங்கே ஃபிப்ரோனில் நாய் உண்ணிக்கு விற்கும் தெளிப்பு மருந்துகளில் இருக்கிறது. நாய்க்கு வாங்கியதில் மீதி இருக்கிறதே என்று கோழிக்கு அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். லேபிளில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத "ஹெர்பல்" பாட்டிலும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு மலிவாக வேலை செய்தது சூடு. சிவப்புச் செல் 45 டிகிரிக்கு மேல் தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் கழி, கூடை, தட்டி எல்லாவற்றையும் கழற்றித் தகரத்தின் மேல் பரப்பி, மதியம் முழுக்கப் புரட்டிப் போட்டால் ஒரு சொட்டு மருந்து தேவையில்லை. சிமெண்ட் தரைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் பண்ணைக்காரர்கள் பயன்படுத்தும் கேஸ் தீத்துப்பாக்கியைக் கடன் வாங்கி ஓட்டலாம். ஓலைக் கூரை உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். கந்தகம் தூவியிருந்த இடத்தில் தீ காட்டவே கூடாது. எரிந்தால் வரும் புகை மூச்சை அடைத்துவிடும். முதலில் தீ, பிறகு கெட்டியாகக் கரைத்த கல் சுண்ணாம்பு அடித்து இடுக்குகளை அடைப்பது, அதெல்லாம் காய்ந்தபின் கந்தகம்.

கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக ஆவது வேறு வகைச் செல், செதிலுக்கு அடியில் குடையும். இதற்கு மண்ணெண்ணெய் தடவுவது பழைய வழக்கம், தோல் வெந்துபோகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்து, வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கெட்டியாகத் தடவினால் போதும், காற்றில்லாமல் செத்துவிடும். செதிலைப் பிய்க்காதீர்கள். சில வாரம் தொடர்ந்து தடவ வேண்டும், பழைய செதில் உதிர்ந்து புதுச் செதில் வரும்வரை பொறுமை வேண்டும். முற்றிப்போனதற்கு மருத்துவர் ஐவர்மெக்டின் எழுதிக் கொடுப்பதுண்டு. அது முட்டையில் இறங்கும் மருந்து, அதனால் நாமாக வாங்கிச் சொட்டக்கூடாது. இரவில் மட்டும் வந்து போகும் சிவப்புச் செல்லுக்கு அதை நம்புவதும் வீண்.

கூண்டில் நான் செய்த ஒரு மாற்றம் இந்த எல்லா மருந்துச் செலவையும் பாதிக்கு மேல் குறைத்தது. மூங்கில் கழிகளை எடுத்துவிட்டுப் பட்டை உரித்த தைலமரக் கழிகளை, சுவரைத் தொடாமல் தனிக் காலில் நிறுத்தினேன். ஒவ்வொரு காலும் பழைய என்ஜின் ஆயில் ஊற்றிய டப்பாவுக்குள் நிற்கிறது. செல்லுக்கு இறங்கவும் ஏறவும் வழியில்லை. மேலே சிறு மூடி ஒன்றைக் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் எச்சமும் கூளமும் விழுந்து பாலம் போட்டுவிடும். டப்பாவில் குஞ்சு வாய் வைக்காத உயரமும் முக்கியம்.