பெங்குவின்களை எண்ண: செயற்கைக்கோளா, நேரில் போயா?

எம்பரர் பெங்குவின் குஞ்சு பொரிப்பது அண்டார்டிக் குளிர்காலத்தில், பெரும்பாலும் உறைந்த கடலின் மேல். அங்கே போய்ச் சேருவதே பெரும்பாடு. எத்தனை கூட்டங்கள் இருக்கின்றன என்று தெரிய செயற்கைக்கோள்தான் சரி: பனியில் எச்சத்தின் பழுப்புக் கறை வானிலிருந்தே தெரியும், அப்புறம் இன்னும் நுணுக்கமான படங்களை வைத்து 2012-இல் சுமார் 5,95,000 பறவைகள் என்று கணக்கிட்டார்கள், அது முன்பு நினைத்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2022-இல் அண்டார்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் பனி சீக்கிரமே உடைந்து, ஐந்து கூட்டங்களில் நான்கில் அந்த வருடக் குஞ்சுகளே இல்லாமல் போனதும் இப்படித்தான் தெரிந்தது.

ஆனால் படத்தில் தெரிவது கூட்டம் மட்டும்தான். எந்தப் பறவை எத்தனை வருடம் வாழ்ந்தது, ஏன் செத்தது என்பதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வரும். அண்டார்டிகாவின் அடெலி லாண்டு பகுதியில் உள்ள ஒரு எம்பரர் கூட்டத்தை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1950-களிலிருந்து பார்த்து வருகிறார்கள். 1970-களின் இறுதியில் அந்தக் கூட்டம் பாதியானதற்கு வளர்ந்த பறவைகள் இறந்ததே காரணம் என்பது அந்தப் பொறுமையால்தான் புரிந்தது.

நேரில் போவதில் கெடுதலும் உண்டு. அடையாளத்துக்காக இறக்கையில் மாட்டிய வளையம், இன்னொரு இனமான கிங் பெங்குவின்களின் ஆயுளையே குறைத்தது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குத் தோலுக்கடியில் வைக்கும் சின்ன அடையாளச் சிப் எவ்வளவோ மேல்.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் செயற்கைக்கோளைக் கேட்பேன், ஆனால் அடெலி லாண்டு பதிவை மட்டும் ஒரு வருடம்கூட நிறுத்தக் கூடாது.