கேமை வைத்து ரசிகர் படம்: எந்தக் கம்பெனியை நம்பி இறங்கலாம்?

சோமனூரில் குரல் பதிவு செய்ய ஞாயிற்றுக்கிழமைதான் தோதான நாள். மற்ற நாட்களில் நாலா பக்கமும் தறி ஓடும். மைக்கை எந்த மூலையில் வைத்தாலும் அந்தச் சடக் சடக் உள்ளே வந்துவிடும். அப்படி எட்டு ஞாயிறு, நண்பன் வீட்டு மாடி அறையில் பவானி ஜமக்காளங்களைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, 14 நிமிஷப் படம் ஒன்றுக்கு நான்கு பேர் டப்பிங் பேசி முடித்தோம். மைக்ரோசாஃப்டின் ஹேலோ என்ற வீடியோ கேமுக்குள்ளேயே எடுத்த படம். கவசம் போட்ட சிப்பாய்கள் கொங்குத் தமிழ் பேசுவார்கள்.

அதைப் பார்த்த தம்பிகள் பலரும் கேட்பது இதுதான்: "அண்ணா, நாங்களும் எடுக்கலாம்னு இருக்கோம். கம்பெனிக்காரங்க கேஸ் போட மாட்டாங்களா?" அது நீங்கள் எந்த கேமை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிராபிக்ஸ், கதை, கேமரா எல்லாம் அப்புறம். முதலில் கம்பெனியைப் பாருங்கள்.

எங்கள் முதல் ஆசை ஹேலோ இல்லை, நிண்டெண்டோ என்ற ஜப்பான் கம்பெனியின் செல்டா. சின்ன வயதிலிருந்து மனதில் ஊறிய கேம். திருப்பூரில் கட்டிங் துணி வாங்கி, அதன் நாயகன் போடும் பச்சைச் சட்டை தைத்தாயிற்று. கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறையில் வாளுக்கு அலுமினியப் பட்டை கூட அறுத்து வைத்தோம். கொடிவேரிப் பக்கம் இடம் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரிதான், நமக்கு முன்னால் இதைச் செய்தவர்களுக்கு என்ன ஆனது என்று தேடினேன்.

அமெரிக்க ரசிகர்கள் செல்டாவை வைத்து 'தி ஹீரோ ஆஃப் டைம்' என்று ஒரு முழுநீளப் படம் எடுத்திருந்தார்கள். 2009 டிசம்பரில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். அதே மாதக் கடைசியில், நிண்டெண்டோவோடு பேசி முடிவான ஒப்பந்தப்படி, அதை விநியோகிப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். இத்தனைக்கும் அதில் லாப நோக்கம் கிடையாது. நிண்டெண்டோ 2018 நவம்பரில் வீடியோ பகிர்வுக்கென்று விதிகள் வெளியிட்டது உண்மைதான். ஆனால் அவை கேம் விளையாடும் காட்சியைப் பதிவு செய்து போடுகிறவர்களுக்கானவை. வேஷம் கட்டிக் கதை எடுப்பவர்கள் அதை நம்பி இறங்க முடியாது. பச்சைச் சட்டை இப்போது என் தங்கை மகனுக்குப் பள்ளி ஆண்டு விழா உடுப்பு.

அடுத்து, கம்பெனி எழுதி எதுவும் தராமல் கண்டுகொள்ளாமல் விட்ட கதைகள். எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது இவற்றைத்தான். 2018 இல் நேதன் ஃபில்லியன் நடித்து, சோனியின் அன்சார்ட்டட் கேமை வைத்து ரசிகர் குறும்படம் வந்தது. சோனி அதை நீக்கவில்லை. 2010 இல் மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேமை வைத்து கெவின் டஞ்சரோயன் எடுத்த குறும்படத்தைப் பார்த்துவிட்டு, மறுவருஷமே அதிகாரபூர்வ இணையத் தொடரை இயக்கும் வாய்ப்பு அவருக்கே கிடைத்தது. அதே 2010 இல் ஜோயி அன்சா எடுத்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் குறும்படமும் அப்படித்தான். 2014 இல் அந்த கேமின் கம்பெனியான கேப்காமின் அனுமதியோடு முழுத் தொடராக வளர்ந்தது. கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஃபில்லியன் தொலைக்காட்சியில் பெயர் பெற்ற நடிகர். டஞ்சரோயன் அதற்கு முன்பே ஹாலிவுட் படம் இயக்கியவர். நம் படத்துக்கும் அந்த மரியாதை கிடைக்கும் என்று நினைத்துச் சேமிப்பைப் போட்டுவிடாதீர்கள்.

"நாங்க காசு வாங்கலீங்களே" என்பதும் காப்பாற்றாது. நம் 1957 ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு என்று முக்கியமாகச் சொல்வது சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றைத்தான். ரசிகர் படம் என்று தனி இடம் அதில் இல்லை. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பவர்கள் 1990களில் டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு வந்த, நாகராஜ் என்ற காமிக்ஸ் நாயகன் பற்றிய வழக்கைப் பார்க்கலாம். போட்டிப் பதிப்பகம் தன் நாயகனுக்கு நாகேஷ் என்று பெயர் வைத்திருந்தது. பாம்பு, பச்சை உடல் என்று தோற்றமும் சக்தியும் ஒத்துப்போனதால் நீதிமன்றம் தடை போட்டது.

ஆனால் நம்மைப் போன்றவர்கள் விஷயத்தில் கோர்ட்டுக்கு முன்னால் ஈமெயில் வந்துவிடும். யூடியூபில் பதிப்புரிமைப் புகார் மூன்று சேர்ந்தால் சேனல் போய்விடும். ஒரு புகார் காலாவதியாக 90 நாள் ஆகும். அதே கணக்கோடு இணைந்த மற்ற சேனல்களும் சேர்ந்தே போகலாம். எங்கள் குழுவில் எடிட்டிங் செய்பவன் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். ஆறு வருஷ வேலை அவன் சேனலில் கிடக்கிறது. "மாப்ள, ஆசைக்கு எடுக்கற படத்துக்கு என் சோத்துல கைய வெச்சராதீங்கடா" என்றான். அதனால் தனி மெயில், தனிக் கணக்கு.

சரி, எங்கள் தேர்வுக்கு வருகிறேன். விதியை எழுதி வைத்திருக்கும் கம்பெனி மைக்ரோசாஃப்ட். ஹேலோவுக்கு இதில் பழைய தொடர்பு உண்டு. 2003 இல் ரூஸ்டர் டீத் குழுவினர் அந்த கேமுக்குள் பொம்மலாட்டம் போல ஆட்களை ஆட்டி எடுத்த 'ரெட் வெர்சஸ் ப்ளூ' தொடர், கம்பெனி ஒத்துக்கொண்டதால் 2024 வரை ஓடியது. 2007 இல் மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் பொதுவாக கேம் உள்ளடக்கப் பயன்பாட்டு விதிகளை வெளியிட்டது. தொழில்நுட்பமும் தோதாக அமைந்தது. ஹேலோ 3 இல் நாம் ஆடிய ஆட்டம் அப்படியே பதிவாகும். பிறகு அந்தப் பதிவுக்குள் நுழைந்து, கேமராவை வேண்டிய பக்கம் பறக்கவிட்டு ஷாட் எடுத்துக்கொள்ளலாம். ஒருவன் தலையை ஆட்டுவான், ஒருவன் ஓடுவான், நான் கேமரா.

அந்த விதிகளை நான் மூன்று தடவை உட்கார்ந்து படித்தேன். விற்கக் கூடாது. கேமைப் பிரித்து மேயக் கூடாது. இது மைக்ரோசாஃப்டின் விதிகளின்கீழ் செய்தது, அவர்கள் அங்கீகரித்தது அல்ல என்ற குறிப்பைப் போட வேண்டும். இதெல்லாம் சுலபம். கேமில் வரும் இசை வேறொருவரிடம் உரிமம் வாங்கியதாக இருக்கலாம், அதைத் தொடாதே என்ற எச்சரிக்கையும் உண்டு. இது எனக்கு உடனே புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு சின்ன வீடியோவில் 40 நொடி கேம் இசையைப் போட்டு, உரிமை கோரிக்கை வந்து, ஒலி முழுக்க ஊமையாகிப்போனது. இந்தத் தடவை சண்டைக் காட்சிகளுக்கு ஊர்த் திருவிழாவில் அடிக்கும் ஜமாப் செட்டைக் கூட்டிவந்து பதிவு செய்தோம். படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே அதுதான்.

என்னைத் தூங்கவிடாதவை வேறு இரண்டு வரிகள். ஒன்று: இந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனி திரும்பப் பெறலாம். இன்னொன்று: அந்த கேம் உலகத்துக்கு நீங்கள் புதிதாகக் கதை சேர்த்தால், முன்கதையோ விட்டுப்போன அத்தியாயமோ எழுதினால், அது நாளை அவர்களுடைய கேமிலேயே வரலாம். உங்களுக்குப் பணம் எதுவும் வராது.

எங்கள் முதல் திரைக்கதையில் என் அப்புச்சி சொன்ன கதை ஒன்று இருந்தது. அவர் வாலிபத்தில் பல்லடம் பக்கம் கிணறு வெட்டும்போது, அறுபதடி ஆழத்தில் பாறைக்குள்ளிருந்து மாட்டு மணிச் சத்தம் கேட்டதாகச் சொல்வார். வெடி வைக்கப் போனவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மேலே ஏறிவிட்டார்களாம். அதைத்தான் வேற்றுக் கிரகத்துச் சுரங்கமாக மாற்றியிருந்தோம். விதியில் இருந்ததை அப்புச்சிக்கு விளக்கிச் சொன்னேன். கேம், உரிமம் எல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் கேட்டு முடித்ததும் சொன்னார்: "ஏஞ்சாமி, குத்தகைக்குப் புடிச்ச காட்டுல யாராச்சும் தென்னம்புள்ள வெப்பாங்களா?"

அதோடு எனக்குத் தெளிந்துவிட்டது. குத்தகைக் காட்டில் சோளம் போடலாம், தட்டைப்பயிறு போடலாம். ஒரு வெள்ளாமை எடுத்துவிட்டுக் காட்டுக்காரர் கேட்டால் விட்டுவிட்டு வந்துவிடலாம். தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதைச் சொந்தத் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும். கிணற்றுக் கதையை அன்றே படத்திலிருந்து எடுத்தோம். பதிலாக, காவல் காக்கும் இரண்டு சிப்பாய்கள் ராத்திரி முழுக்க ஊர் நினைப்பில் பேசிக்கொண்டிருக்கும் சாதாரணக் கதை. ஹேலோ உலகத்துக்கு அதில் புதிதாக நாங்கள் சேர்த்தது எதுவுமில்லை. நாளைக்கே நீக்கச் சொன்னாலும் எட்டு ஞாயிறும் கொஞ்சம் ஜமாப் கூலியும்தான் போகும். எடிட்டிங்கும் ஒலிப்பதிவும் கற்றுக்கொண்டது எங்களிடமே இருக்கும்.

எழுதி வைத்திருக்கும் மற்ற கம்பெனிகளும் உண்டு. ரயட் கேம்ஸின் விதிகள் படிக்க எளிது, ஆனால் பொதுமக்களிடம் நிதி திரட்டி எடுக்கும் படத்துக்கு அங்கே இடமில்லை. விட்சர் கேமை எடுத்த சிடி ப்ராஜெக்ட் ரெட், வணிக நோக்கமில்லாத ரசிகர் படைப்புகளுக்கு வழி விட்டிருக்கிறது. வால்வ் இன்னும் ஒரு படி மேலே போய், 2012 இல் கேம் ஆட்களை வைத்துப் படமெடுக்கும் சோர்ஸ் ஃபிலிம்மேக்கர் என்ற மென்பொருளையே இலவசமாகக் கொடுத்தது. அதில் டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற வால்வ் கேமின் ஆட்களை வைத்து ரசிகர்கள் எடுத்த 'எமிசிஸ் ப்ளூ' 2023 இல் முழுநீளப் படமாக வந்தது. முக பாவனை வேண்டுமென்றால் ஹேலோவை விட இதுதான் கை கொடுக்கும். எங்கள் சிப்பாய்களுக்குத் தலைக்கவசம்தானே முகம். ஆனால் ஒரு வாரம் தொட்டுப் பார்த்ததற்கு மேல் எனக்கு அதில் பழக்கமில்லை. அனிமேஷன் தெரிந்தவர்கள் சொல்வதை இந்த விஷயத்தில் என்னை விட அதிகமாக நம்புங்கள்.

முழுக்கச் சொந்தக் கதை எடுப்பது மூன்றாவது வழி. உரிமை முழுக்க நம்முடையது, விழாவுக்கு அனுப்பலாம், விற்கலாம். ஆனால் முதல் படத்துக்கே அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள், உடை, இடம், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். கேமுக்குள் எடுக்கும்போது அந்த உலகமே தயாராக நிற்கிறது, பார்க்க வருபவர்களுக்கும் அது முன்பே தெரியும். கையில் பணமில்லாத நான்கு பேர் வேலை பழக அதை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதனால் தம்பிகளுக்கு நான் சொல்வது: எழுத்தில் விதி கொடுத்திருக்கும் கம்பெனி, பதினைந்து நிமிஷத்துக்குள் கதை, சொந்த இசை, தனிக் கணக்கு. உங்கள் வீட்டுக் கதை எதுவும் அதற்குள் வேண்டாம்.

போன வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் வெண்கல மாட்டு மணி இரண்டு வாங்கிவந்தேன். ஒன்று கொஞ்சம் கனத்த சத்தம், ஒன்று மெல்லிசு. அப்புச்சியிடம் இரண்டையும் ஆட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கனத்ததை எடுத்து என் கையில் கொடுத்தார். வரும் ஞாயிறு தறி நின்றதும் கிணற்றுக்குள் இறங்கிப் பதிவு செய்கிறோம்.