மஹசீரைக் காப்பாற்ற: குஞ்சு விடுவதா, ஆற்றை விட்டுவைப்பதா?

மலையாற்றில் மஹசீர் என்ற பெரிய ஆற்றுமீன் குறைந்தால் முதலில் தோன்றும் யோசனை, பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விடுவது. வேகமான வழி, கண்ணுக்கும் தெரியும். இன்னொன்று, ஆற்றின் ஒரு பகுதியையாவது தொடாமல் விடுவது. அதில் காட்டிக்கொள்ள எதுவும் இல்லை.

முதல் வழி எங்கே சறுக்கும் என்பதற்குக் காவிரியே சாட்சி. நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளை மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையில் வளர்த்துக் காவிரியில் விட்டார்கள். அவை பெருகின. ஆனால் 50 கிலோவையும் தாண்டி வளரக்கூடிய, காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மஹசீர் அருகிப்போனது. 2018-இல் அதை மிக அருகிய இனமாக, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். மீன் நிறைய இருக்கிறது, ஆனால் வேறு மீன்! தூண்டில்காரருக்கு இரண்டுமே மஹசீர்தான், ஆற்றுக்கு அப்படியில்லை.

இரண்டாவது வழிக்குக் கர்நாடகத்தில் துங்கை ஆற்றின் கரையில் சிருங்கேரி இருக்கிறது. கோயில் படித்துறையில் யாரும் மீன் பிடிப்பதில்லை, பொரி போடுவதோடு சரி. அங்கே பெரிய மீன்கள் கரைவரை வருகின்றன. குறை என்னவென்றால், பாதுகாப்பு அந்தத் துறையோடு முடிந்துவிடும். முட்டையிட மேலே போகும் மீனை ஒரு தடுப்பணையோ ஒரு வெடியோ போதும், முடித்துவிட.

என் ஓட்டு இரண்டாவதற்கே. குஞ்சு விட்டே ஆகவேண்டுமென்றால், அதே ஆற்றின் தாய்மீனிலிருந்து வந்ததாக மட்டும் இருக்கட்டும். மோயாறு மாதிரி திமில் மஹசீர் இன்னும் மிஞ்சியிருக்கும் இடத்தில் வேற்றுக் குஞ்சு ஒன்றுகூட வேண்டாம்.